மழை மேல் பழி போடாதீர்கள்

மழை பெய்தால் நெட் போகும் என்பது எங்கள் மலையில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். ஆனி, ஆடியில் கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை இறங்கினாலும் சரி, ஐப்பசியில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழை கொட்டினாலும் சரி, போனில் வட்டம் சுற்ற ஆரம்பித்ததும் "மழையில்ல, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். நான் இதை ஒத்துக்கொள்வதில்லை.

தொலைபேசித் துறையில் தினக்கூலியாகச் சேர்ந்து, லைன்மேனாகி, ஓய்வு பெறும் வரை இந்த மலையின் கம்பிகளுக்குக் கீழேதான் நடந்திருக்கிறேன். செம்புக் கம்பி காலத்தில் அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. ஜாயிண்டில் தண்ணீர் இறங்கினால் லைனில் இரைச்சல் வரும், இரைச்சல் வந்தால் மோடம் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்றைக்கு வீட்டுக்கு வருவது பெரும்பாலும் பைபர். அந்தக் கண்ணாடி இழைக்குள் போவது வெளிச்சம். வெளியே பெய்கிற மழை அதை நனைப்பதில்லை, மூடுபனி அதை மறைப்பதில்லை. மழை நாளில் நெட் மந்தமாகிறது என்றால் மழை வேறு எதையோ செய்திருக்கிறது. சீகை மரத்தைச் சாய்த்திருக்கும், கரண்டைப் பிடுங்கியிருக்கும், தளர்ந்து கிடந்த ஜாயிண்ட் பெட்டிக்குள் புகுந்திருக்கும். அந்த 'வேறு எதையோ' ஓர் இடத்தில் இருக்கிறது. தேடினால் கிடைக்கும். இயற்கை என்று விட்டுவிடுவதால்தான் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிறது.

கட்டபெட்டு பக்கம் எங்கள் ஊரில் யாருக்கு நெட் சுற்றினாலும் இப்போதும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். "அண்ணா, நெட் ரொம்ப ஸ்லோ" என்றால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எப்ப ஸ்லோ? நாள் பூராவா, ராத்திரி மட்டுமா, மாசக் கடைசியிலயா?" பாதி விடை இதிலேயே வந்துவிடும்.

மாதக் கடைசியில் மட்டும் என்றால் லைனில் ஒரு கோளாறும் இல்லை. நீங்கள் வாங்கிய பிளானில் இத்தனை ஜிபி வரைதான் முழு வேகம் என்று எழுதியிருக்கும். அது தீர்ந்ததும் 2 எம்பிபிஎஸ், 4 எம்பிபிஎஸ் என்று இறக்கிவிடுவார்கள். வீட்டில் இரண்டு பேர் தினமும் படம் பார்த்தால் சின்னப் பிளான் இருபது நாளில் தீர்ந்துவிடும். கம்பெனியின் ஆப்பில் பார்த்தால் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். அதே போல, 40 எம்பிபிஎஸ் பிளான் போட்டவர் டவுன்லோடு 5 எம்பிதான் காட்டுகிறது என்று சண்டைக்கு வந்தால், அவருக்குக் கிடைப்பது முழு வேகமேதான். பிளானில் சொல்வது பிட் கணக்கு, டவுன்லோடு காட்டுவது பைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்.

இந்த இரண்டும் இல்லையென்றால் வழியைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். உங்கள் போனிலிருந்து சுவரில் இருக்கும் பெட்டி வரை ஒரு துண்டு. பெட்டியிலிருந்து கம்பம் வழியாக ஏரியா ஆபரேட்டரின் இடம் வரை ஒரு துண்டு. அங்கிருந்து மலை இறங்கிக் கோயம்புத்தூர் போவது இன்னொரு துண்டு. லைன்மேன் வேலை முழுக்க இதுதான்: நடுவில் ஓர் இடத்தில் நின்று, கோளாறு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்ப்பது. பிரிக்காமல் தேடுகிறவருக்குக் கிடைக்காது.

முதல் துண்டைப் பிரிக்க ஒரு லேன் கேபிள் போதும். லேப்டாப்பை அந்தக் கேபிளில் நேரே பெட்டியோடு சேருங்கள். வைஃபையை அணையுங்கள். வீட்டில் உள்ள மற்ற போன்களையும் டிவியையும் கொஞ்ச நேரம் நெட்டிலிருந்து எடுங்கள். பிறகு ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். பணம் கட்டிய வேகம் கேபிளில் வந்துவிட்டால், கம்பெனிக்குப் போன் போட வேண்டியதில்லை, கோளாறு உங்கள் வீட்டுக்குள். லேப்டாப் இல்லாதவர்கள் போனைப் பெட்டிக்கு ஓரடி தள்ளி வைத்து ஒரு முறை, படுக்கும் அறையில் ஒரு முறை பார்க்கலாம். போனில் வைஃபைக் கோடு நிறைய இருக்கிறதே என்பார்கள். அந்தக் கோடு போனுக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள நிலவரம் மட்டும்தான். பெட்டிக்குப் பின்னால் லைனே அறுந்திருந்தாலும் அது முழுசாகத்தான் நிற்கும்.

எங்கள் மலையின் வீடுகள் வைஃபைக்கு ஏற்றவை அல்ல. எஸ்டேட் பங்களாக்களின் சுவர் கருங்கல், ஒன்றரை அடி, இரண்டடிக் கனம். நடுவில் கணப்பு அடுப்பும் புகைபோக்கியும் வேறு. தோட்டத்து லைன் வீடுகளில் கூரையும் தடுப்பும் தகரம். தகரத்தைத் தாண்டி ரேடியோ அலை போகாது. ஊர்களில் வீடுகள் வரிசையாக, சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். அங்கே சிக்கல் நேர் எதிர். பத்து வீட்டு வைஃபையும் ஒரே இடத்தில் கலந்து ஒன்றை ஒன்று அமுக்கும்.

வைஃபையில் இரண்டு அலைவரிசை உண்டு. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டித் தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு, நெரிசல் அதிகம். 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, கருங்கல் சுவர் ஒன்றுக்கே களைத்துவிடும். பெட்டி இருக்கும் அறையில் 5-ஐயும், தள்ளி இருக்கும் அறையில் 2.4-ஐயும் பிடிப்பது சரி. வரிசை வீடுகளில் 2.4-க்கு 1, 6, 11 என்ற மூன்று சேனல்கள்தான் ஒன்றோடொன்று மோதாதவை. பக்கத்து வீட்டுக்காரர் எதில் இருக்கிறார் என்று போனிலேயே ஒரு ஆப்பில் பார்த்து, நீங்கள் வேறொன்றுக்கு மாறலாம். பெட்டியை எங்கே வைப்பது என்பதில் பலரும் கவனம் வைப்பதில்லை. கம்பி நுழைந்த ஜன்னலோரம், இரும்பு பீரோவுக்கும் டிவிக்கும் பின்னால் செருகிவைத்திருப்பார்கள். அதை வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல் கொண்டுவந்தாலே வித்தியாசம் தெரியும். கல் பங்களாவில் வேறு வழியில்லை, லேன் கேபிள் இழுத்து அந்தப் பக்கம் இன்னொரு ரவுட்டர் வைக்க வேண்டும். சுவரில் செருகும் சின்ன ரிப்பீட்டர்களை நான் சிபாரிசு செய்வதில்லை. மெலிந்துபோன சிக்னலை வாங்கி அதையே திருப்பித் தருவதால் வேகம் பாதியாகிவிடும்.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹோம்ஸ்டே வைத்திருக்கும் அம்மா சொன்னது வேறு மாதிரி. கேபிளில் பார்த்தாலும் மந்தம், லைன் நன்றாக இருக்கிறது, வந்து பார்த்த பையனுக்கும் புரியவில்லை. வாசல், தோட்டம், கார் நிற்குமிடம் என்று எல்லா இடத்திலும் கேமரா. சிறுத்தை நடமாட்டத்துக்காக வைத்தது. அத்தனை கேமராவும் இரவு பகலாகப் படத்தை எங்கோ இருக்கும் சர்வருக்கு ஏற்றிக்கொண்டே இருந்தன. ஏறும் பாதை அடைத்துவிட்டால் இறங்கும் பாதையும் நிற்கும். ஏனென்றால் நீங்கள் ஒரு படம் பார்க்கும்போதும் 'வந்தது, வந்தது' என்று உங்கள் போன் திரும்பத் திரும்பப் பதில் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பதில் தாமதமானால் அடுத்த துண்டு வராது. கேமராக்களை உள்ளூர் ரெக்கார்டரில் பதியும்படி மாற்றியதும் சரியாகிவிட்டது.

இப்போது இரண்டாவது துண்டு, பெட்டியிலிருந்து கம்பம் வழியாக ஆபரேட்டரின் இடம் வரை. என் வாழ்நாள் கழிந்த துண்டு என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆபரேட்டரின் இடத்தில் ஓ.எல்.டி. என்ற கருவி இருக்கும். அதன் ஒவ்வொரு வாயிலிருந்தும் ஒரே ஓர் இழை கிளம்புகிறது. வழியில் ஸ்ப்ளிட்டர் என்ற சின்னப் பெட்டியில் அந்த வெளிச்சம் 8, 16, 32 வீடுகளுக்கு என்று பிரிகிறது. அந்த ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் வேண்டாம் என்பது மலைக்குப் பெரிய வரம். ஆனால் பிரியும்போது வெளிச்சமும் பங்காகக் குறையும். உங்கள் வீட்டை எவ்வளவு வந்தடைகிறது என்பதை டிபிஎம் என்ற அளவில், மைனஸ் எண்ணாகச் சொல்வார்கள். மைனஸ் 20 வந்தால் நல்ல லைன். மைனஸ் 24 பரவாயில்லை. மைனஸ் 27 எல்லைக் கோடு. ஒவ்வொரு 3 எண் இறங்கும்போதும் வெளிச்சம் பாதியாகிறது, ஆகவே மைனஸ் 26-ல் வருவது மைனஸ் 20-ல் வருவதில் நான்கில் ஒரு பங்குதான். எல்லையில் நிற்கும் லைன் முழுசாகச் சாகாது. தப்பும் தவறுமாகத் தகவல் வரும், போன் மறுபடி கேட்கும், உங்களுக்கு அது 'ஸ்லோ' என்று தெரியும். காற்றடித்தால் துண்டித்துத் துண்டித்து வரும். சிவப்பு விளக்கு எரிந்தால் வெளிச்சமே வரவில்லை என்று அர்த்தம்.

இந்த எண்ணைப் பார்க்க ஆள் வர வேண்டியதில்லை. பெரும்பாலான பெட்டிகளின் உள் பக்கத்தை பிரவுசரில் திறக்கலாம். முகவரியும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். அதில் ஆர்எக்ஸ் பவர் என்ற வரியைப் பாருங்கள். லைன் நன்றாக இருக்கும் ஒரு நாளில் அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கோளாறு வரும் நாளில் ஒப்பிட ஓர் எண் இருக்கும். கால் சென்டருக்குப் போன் போட்டு "நெட் ஸ்லோ" என்றால் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார்கள். "போன மாசம் மைனஸ் 21, இப்ப மைனஸ் 28 வருது" என்று சொல்லிப் பாருங்கள். பவர் மீட்டரோடு ஆள் வருவார்.

அந்த வெளிச்சம் எங்கே போகிறது? நீலகிரியில் அதற்குக் காரணங்கள் ஏராளம். சமவெளியில் கம்பம் கம்பமாகப் போகும் கம்பி இங்கே தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் கட்டிக் கட்டிப் போகிறது. கட்டும்போது இறுக்கிக் கட்டினால் இழை மடங்கும், மடங்கிய இடத்தில் வெளிச்சம் கசியும். காற்றில் மரம் ஆடும்போதெல்லாம் அந்த மடிப்பு கூடிக் குறையும். மழையால் என்று நாம் நினைத்த பல கோளாறு இந்த முடிச்சுதான். தோட்டத்தில் சில்வர் ஓக் கிளை கழிக்கும் காலத்தில் கம்பியும் சேர்ந்து விழும். குரங்குக் கூட்டம் கம்பியில் தொங்கிக் கடக்கும். காட்டெருமை தேயிலைக்குள் நடந்து வரும்போது தாழ்ந்து தொங்கும் கம்பி கொம்பில் மாட்டிக்கொள்ளும். மிருகம் மிரண்டு ஓடினால் வீட்டுச் சுவரில் அடித்த ஆணி வரை பிடுங்கிக்கொண்டு போகும். கம்பிக்கு மட்டுமல்ல, அந்த உயிருக்கும் ஆபத்து. சாலை அகலப்படுத்தும் ஜேசிபி பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வீட்டுக்குள்ளும் பாருங்கள். பெட்டிக்குப் பின்னால் மஞ்சள் கம்பியைச் சுருட்டி ரப்பர் போட்டு வைத்திருந்தால் அவிழ்த்துப் பெரிய வளையமாக விடுங்கள். மேசைக் கால் அதன் மேல் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கனெக்டரில் பச்சை நிறமும் நீல நிறமும் இரண்டு வகை. பச்சையின் முனை சாய்வாக வெட்டியிருக்கும், நீலத்தின் முனை நேராக இருக்கும். அவசரத்துக்குக் கிடைத்ததை மாற்றிச் செருகினால் வெளிச்சம் பெருமளவு வீணாகும். பச்சைக்குப் பச்சைதான். முனையில் தூசி இருந்தாலும் குறையும், ஏனென்றால் வெளிச்சம் போகும் நடுப்பகுதியின் குறுக்களவு 9 மைக்ரான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. ஆனால் நீங்களே கழற்றித் துடைக்க வேண்டாம். குறிப்பாகக் கம்பி முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து வெளிச்சம் வருகிறதா என்று பார்க்கவே கூடாது. அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுக்கும்.

கரண்ட் விஷயம் தனி. உங்கள் பெட்டிக்குச் சின்ன யுபிஎஸ் வைத்திருப்பீர்கள். ஆபரேட்டர் இடத்தில் இருக்கும் ஓ.எல்.டி.க்கு பேட்டரி செத்திருந்தால் உங்கள் யுபிஎஸ்ஸால் பயனில்லை. பெட்டி தானாக அணைந்து அணைந்து எரிகிறது என்றால் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். குறைந்த வோல்டேஜிலும் திடீர் ஏற்றத்திலும் அடிபட்டு, 12 வோல்ட் தர வேண்டியது 10 தரும். சில நூறு ரூபாயில் தீரும் கோளாறுக்குப் புதுக் கனெக்‌ஷன் எடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது துண்டில் நாம் செய்யக்கூடியது குறைவு. ஆனால் கோளாறு அங்கேதான் என்று நிரூபிக்க முடியும். அதிகாலை ஐந்து மணிக்கு ஒரு டெஸ்ட், இரவு ஒன்பது மணிக்கு ஒரு டெஸ்ட், ஒரு வாரம் கேபிளில் பாருங்கள். காலையில் முழு வேகம், இரவில் பத்தில் ஒன்று என்றால் உங்கள் லைன் சரி. ஊருக்கே வரும் வழி போதவில்லை. எங்கள் ஊருக்கு வரும் மினி பஸ் மாதிரிதான்: முதல் டிரிப்பில் ஜன்னல் சீட்டு கிடைக்கும், பள்ளிக்கூட நேரத்தில் படியிலும் இடம் இருக்காது. ஆபரேட்டர் மேலிடத்திலிருந்து வாங்கும் அளவைக் கூட்டினால்தான் தீரும். தனியாக ஒருவர் கேட்டால் நடக்காது, அந்த வரிசையில் உள்ள எல்லா வீடும் ஒரே குறிப்போடு கேட்க வேண்டும்.

பைபர் இல்லாமல் மொபைல் டவரை நம்பி இருக்கும் வீடுகளுக்கு இது இன்னும் கடினம். டவரின் கொள்ளளவு அங்கே வாழ்கிறவர்களை வைத்துப் போட்டது. கோடை சீசனில் மேலே ஏறுகிற வாகனங்களைச் சமாளிக்கச் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவில் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 சீசனுக்கு வார நாளில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000 என்று எல்லை போட்டார்கள். எல்லை போட்ட பிறகே இத்தனை. ஒவ்வொரு வண்டியிலும் நான்கைந்து போன். மே மாதம் மலர்க் கண்காட்சி வாரத்தில் ஊட்டியைச் சுற்றியுள்ள பிள்ளைகளுக்கு வீடியோ ஓடாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மலை முகட்டிலிருந்து முகட்டுக்கு டிஷ் வைத்து நெட் வாங்கும் எஸ்டேட்டுகளும் உண்டு. அங்கேயும் மூடுபனியைத் திட்டுவார்கள். 5 ஜிகாஹெர்ட்ஸ் இணைப்புக்கு மூடுபனி ஒரு தடையே அல்ல. இரண்டு டிஷ்ஷுக்கும் நடுவில் வளர்ந்துவிட்ட சில்வர் ஓக்கைப் பாருங்கள். மழை உண்மையிலேயே கெடுப்பது 10 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளை, அதாவது டிவி டிஷ், சில டவர் இணைப்புகள் போன்றவற்றை.

மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏற இரண்டு சாலைகள், பர்லியாறு வழியாகக் குன்னூருக்கு ஒன்று, குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரிக்கு ஒன்று. கேபிள்களும் சாலையோரத்தைத்தான் பிடித்து வரும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, ஊட்டிப் பக்கம் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. அந்த மாதிரி நாளில் நெட் போனால் யாரும் யாரையும் கேட்க மாட்டோம், கேட்கவும் கூடாது. நான் கேட்கச் சொல்வது மற்ற நாட்களுக்கு.

கேட்கும் உரிமை எழுத்தில் இருக்கிறது. 2004-ல் நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே பிராட்பேண்ட் என்றார்கள். 2023 ஜனவரியிலிருந்து 2 எம்பிபிஎஸ்ஸுக்குக் குறைந்தால் அதற்குப் பிராட்பேண்ட் என்ற பெயரே கிடையாது. புகார் சொன்னால் டாக்கெட் நம்பர் தர வேண்டும். தீர்வு திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம், அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-ல் விதி போட்டிருக்கிறது. இந்தப் பக்கத்தில் இதைப் பயன்படுத்தியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இதில் எனக்கு உள்ள ஆதங்கம் வீட்டில் படம் பார்ப்பதைப் பற்றியதல்ல. 2020-ல் பள்ளிக்கூடம் மூடியபோது தேயிலைச் சரிவில் குடை பிடித்துக்கொண்டு, சிக்னல் வரும் பாறையைத் தேடி உட்கார்ந்த பிள்ளைகளை நான் பார்த்தேன். இன்றைக்கு பட்டா, சாதிச் சான்றிதழ், ஆதார் திருத்தம் எல்லாம் இ-சேவை மையத்தில். அங்கே சர்வர் சுற்றினால் இலை பறிக்கப் போகாமல் வந்து நிற்கும் ஒரு பெண்ணுக்கு அன்றைய கூலி போகிறது. குன்னூரின் தேயிலை ஏலமே கம்ப்யூட்டர் வழியாகத்தான் நடக்கிறது. கிராம ஊராட்சிகளுக்கெல்லாம் பைபர் என்று 2011-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டம் பின்னால் பாரத்நெட் ஆயிற்று. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கு அதைக் கொண்டுபோக டான்ஃபிநெட் என்ற நிறுவனம் 2018-ல் வந்தது. நீலகிரிக்கு வருவது 35 ஊராட்சிகள். எண் சின்னதாக இருக்கிறதே, சுலபம்தானே என்று தோன்றும். இங்கே ஓர் ஊராட்சி என்றால் ஹட்டி எனப்படும் படுகர் ஊர்கள் பல, தோட்டத்து லைன்கள், காட்டுக்குள் பழங்குடிக் கிராமங்கள், நடுவில் பள்ளத்தாக்குகள். ஊராட்சி அலுவலகச் சுவர் வரை இழை வந்தால் கணக்கில் ஊர் இணைந்துவிட்டது. அங்கிருந்து கடைசி வீடு வரை உள்ள இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் மலையில் உண்மையான வேலை. அதற்குக் கம்பம் வேண்டும், கம்பம் நட ஆள் வேண்டும், நட்டதைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும்.

போன வருடம் எங்கள் வரிசையில் உள்ள வீட்டுக்காரர்கள் ஒரு நோட்டுப் போட்டார்கள். தேதி, நேரம், கேபிளில் வந்த வேகம், ஆர்எக்ஸ் பவர், காற்றா மழையா, கரண்ட் இருந்ததா என்று ஆளுக்கொரு பத்தி. எழுதியது பெரும்பாலும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். பக்கங்களைப் புரட்டிப் பார்த்தபோது கீழ் வீடுகள் எல்லாம் மைனஸ் 20-ல், மேல் வீடுகள் எல்லாம் ஒரே நாளில் மைனஸ் 27-க்கு இறங்கியிருந்தன. கோளாறு எந்த இரண்டு கம்பத்துக்கு நடுவில் என்று நோட்டே காட்டிவிட்டது. வந்த பையன் அந்த ஜாயிண்ட் பெட்டியை மட்டும் திறந்தான், உள்ளே தண்ணீர். அரை மணி நேரத்தில் புதிதாக ஒட்டிவிட்டுப் போனான். இப்போது மிச்சம் இருப்பது ஓடைக்கு அந்தப் பக்கம் காட்டெருமை இறங்கும் தடத்தில் இடுப்பளவுக்குத் தொங்கும் கம்பி. அங்கே இரண்டு இரும்புக் கம்பம் கேட்டு ஊராட்சிக்கும் ஆபரேட்டருக்கும் மனு கொடுத்திருக்கிறோம். ஜூன் மழைக்கு முன்னால் நட்டுவிட வேண்டும், அதற்குப் பிறகு அந்தச் சரிவில் குழி தோண்ட முடியாது.